இருபது வருசம் கொட்டிலுக்குள்ள நிண்ட லாண்ட்மாஸ்டர்: இரும்புக்குக் குடுக்கிறதோ, திருத்துறதோ?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: அப்பா 80களின்ர கடைசியில வாங்கின ரெண்டு சில்லு குபோட்டா உழவு மிசின், அச்சுவேலி வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குள்ள இருபது வருசமா நிக்குது, பிளைவீல் சுத்துதில்லை, வீட்டிலயே வச்சுக் கழட்டித் திருத்தேலுமோ, திருத்துற நேரம் பாத்து 12 குதிரைவலு சீன இஞ்சினும் செல்ஃப் ஸ்ராற்றும் போட்டுவிடலாமோ எண்டு. கடைசி வரியில போறபோக்கில ஒண்டு சொல்லியிருக்கிறியள், இரும்புக்காரர் கிலோக் கணக்கில விலை கேட்டுட்டுப் போனவர், அம்மா குடுக்க வேண்டாம் எண்டுறா எண்டு. என்னைக் கேட்டா உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். காசைப் போட்டா மிசின் திரும்பி வருமோ இல்லையோ எண்டுறது. இருபத்தெட்டு வருசமா சுன்னாகத்துக்குக் கிட்ட தண்ணி இறைக்கிற மிசினும் லாண்ட்மாஸ்டரும் திருத்திற ஆள் எண்டபடியா எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். பெரும்பாலும் வரும். ஆனா நீங்கள் பயப்பிடுற இடத்தில செலவு வராது, நீங்கள் பாக்காத இடத்திலதான் வரும்.

முதல்ல பேர்க் குழப்பத்தைத் தீர்ப்பம். லாண்ட்மாஸ்டர் எண்டது இங்கிலாந்துக் கொம்பனி ஒண்டின்ர பேர். முந்தி வந்த மிசின்ர பேர் பிறகு வந்த எல்லாத்துக்கும் ஒட்டிப்போச்சு, ஜப்பான்காரன் செய்தாலும் சீனாக்காரன் செய்தாலும் எங்கட ஆக்களுக்கு லாண்ட்மாஸ்டர்தான். கடையில போய் "லாண்ட்மாஸ்டர் ரிங் செற்" எண்டு கேட்டா கடைக்காரர் உங்களைத்தான் திருப்பிக் கேப்பார். அதால கம்பி பிரசால மெதுவாத் தேச்சு, இஞ்சினில இருக்கிற தகட்டையும் கியர் பொக்ஸில இருக்கிற தகட்டையும் தனித்தனியா வாசிச்சு எழுதி வையுங்கோ. ரெண்டும் ஒரே கொம்பனியா இருக்கும் எண்டு நினைக்காதேங்கோ, சண்டைக் காலத்தில எது கிடைச்சுதோ அதைப் பூட்டி ஓடின மிசினுகள் எத்தினையோ. ஒரு தகட்டில 195 எண்டு நம்பர் கண்டா அது சீன இஞ்சின், அதுக்குச் சாமான் தேடி அலையத் தேவையில்லை.

சுத்துதில்லை எண்டா இஞ்சின் சிக்கிப்போச்செண்டு முடிவெடுக்க முதல் பெல்ற் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு ஒருக்கால் சுத்திப் பாருங்கோ. கியர் பொக்ஸ் இறுகி நிண்டு இஞ்சின் பழி கேட்ட சந்தர்ப்பம் ரெண்டு மூண்டு பாத்திருக்கிறன். பெல்ற் கழட்டியும் அசையேல்லை எண்டா, பிஸ்ரன் ரிங்கும் லைனரும் (பிஸ்ரன் ஓடுற உறை) துருவில ஒட்டியிருக்கு. இது பெரிய வருத்தமில்லை. ஆனா இஞ்ச ஒரு விசயம் கவனிக்கவேணும், யூரியூப்பில வெள்ளைக்காரர் காட்டுற வைத்தியம் எல்லாம் நிமிந்து நிக்கிற சிலிண்டருக்கு. புளக் ஓட்டைக்குள்ள எண்ணெயை விட்டா அது பிஸ்ரன் தலைக்கு மேல குளம்மாதிரி நிக்கும், ஊறும். உங்கட இஞ்சின் படுத்த சிலிண்டர், விட்ட எண்ணெய் கீழ்ப்பக்கத்தில மட்டும் தேங்கி நிக்கும், மேல்பாதித் துரு அப்பிடியே இருக்கும், பத்து நாள் ஊறவிட்டும் அசையேல்லை எண்டு பிறகு சம்மட்டி எடுப்பியள். இஞ்சினைச் சட்டத்தில இருந்து இறக்கி, ஹெட்டைக் கழட்டி, ஹெட் இருந்த பக்கம் மேல பாக்கிறமாதிரி கட்டை குடுத்து நிமித்தி வையுங்கோ (ஒயிலையும் டீசலையும் முதல்ல வடிச்சுப்போடுங்கோ, இல்லாட்டி முத்தம் முழுக்க ஒயில்). பிறகு மண்ணெண்ணெயும் ஒட்டோ கியர் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து விட்டு ஒரு கிழமை விடுங்கோ, ஒவ்வொரு நாளும் மட்டம் இறங்குதோ எண்டு பாத்துக்கொள்ளுங்கோ. மட்டம் இறங்குதெண்டா எண்ணெய் ரிங்கைத் தாண்டுது, நல்ல சகுனம். கோக் ஊத்தலாமோ எண்டு கேட்டனீங்கள். கோக்கை நீங்கள் குடியுங்கோ. அதில இருக்கிற அசிட் துருவைக் கொஞ்சம் தின்னும், உண்மைதான், ஆனா சீனியும் தண்ணியும் உள்ள நிண்டு பிறகு புதுத்துரு பிடிக்கும்.

ஊறினாப் பிறகு பிஸ்ரன் தலையில நேர இரும்பால அடிக்கிற வேலை வேண்டாம், அலுமினியம் அது, வெடிச்சா அந்தச் சாமானுக்குக் கொழும்பில பழைய உதிரிப்பாகம் விக்கிற பஞ்சிகாவத்தை வரைக்கும் அலையவேணும். வேம்புக் கட்டையோ முதிரைக் கட்டையோ சிலிண்டர் அளவுக்குச் சீவி வச்சு, மெதுவா, ரெண்டு பக்கமும் மாறி மாறி அசைக்கிற எண்ணத்தோட தட்டுங்கோ. பிளைவீலில நீட்டுக் குழாய் போட்டு முண்டாதேங்கோ, கிராங்கும் கொன்ராட்டும் (பிஸ்ரனைக் கிராங்கோட இணைக்கிற தண்டு) வளையும். அப்பிடியும் வரேல்லை எண்டா விடுங்கோ, இந்த இஞ்சினுகளில பெரும்பாலும் தண்ணி படுற லைனர், தனியாக் கழண்டு வாற சாதி. கொன்ராட்டின்ர பெரிய பக்கத்தைக் கழட்டிப்போட்டு லைனரையும் பிஸ்ரனையும் ஒண்டா இழுத்தெடுத்து, கடைச்சல் பட்டறையில பிறெஸில வச்சுத் தள்ளுவிக்கலாம். வீட்டில மூண்டு நாள் மினக்கெடுற வேலை அங்க கால் மணித்தியாலம்.

லைனர் வெளியால வந்தவுடன நகத்தால மேல்விளிம்பைத் தடவிப் பாருங்கோ. நகம் தட்டுப்படுற படி இருந்தா தேய்ஞ்சிட்டுது. ரிங்கைத் தனியா லைனருக்குள்ள நேரா வச்சு வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால அளவுங்கோ, 95 மி.மீ. அளவு சிலிண்டருக்குப் புது ரிங்கில 0.3-ல இருந்து 0.5 மி.மீ. வரை இருக்கும், அதைவிட ரெண்டு மடங்கு மூண்டு மடங்கெண்டா ரிங் மட்டும் மாத்திப் பிரயோசனமில்லை, லைனர், பிஸ்ரன், ரிங் எல்லாம் செற்றா வாங்குங்கோ. லைனரின்ர கீழ்ப்பக்கத்தில இருக்கிற றபர் வளையங்களை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் பழசு போடாதேங்கோ. சில்லறைக் காசுச் சாமான், ஆனா அது ஒழுகினா தண்ணி ஒயிலுக்குள்ள போய் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துக்கு வரும், பிறகு பெயரிங்கும் கிராங்கும் போகும்.

லைனர் கழட்டின இடத்துக்குள்ள ரோச் அடிச்சுப் பாத்தா வெள்ளையா, கல்லுமாதிரிப் படிஞ்சிருக்கும். இதுதான் யாழ்ப்பாணத்து மிசினுக்கே உரிய வருத்தம். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாற தண்ணி, கேத்திலுக்குள்ள எப்பிடி வெள்ளை படியுதோ அப்பிடித்தான் இதுக்குள்ளயும். அதுவும் உங்கடது றேடியேற்றர் இல்லாத, தண்ணித்தொட்டி வச்ச இஞ்சின், தொட்டித் தண்ணி கொதிச்சு ஆவியாப் போய்த்தான் சூடு தணியிறது. ஆவியில போறது தண்ணி மட்டும், சுண்ணாம்பு அங்கயேதான் நிக்கும், நீங்கள் திரும்பத் திரும்பக் கிணத்துத் தண்ணி விட விட அது தடிக்கும். லைனரின்ர சூடான பக்கத்தில கல்லுப் படிஞ்சா அந்த இடத்துச் சூடு தண்ணிக்கு இறங்காது, பிஸ்ரன் பிடிக்கும். "ஒயில் எல்லாம் ஒழுங்கா விட்டனான், ஆனா இறுகிப்போச்சு" எண்டு கொண்டு வாற மிசினுகளில முக்கால்வாசி இந்தக் கேஸ். சிற்றிக் அசிட் தூளைச் சுடுதண்ணியில கரைச்சு விட்டு ஒரு இரவு வச்சா நுரைச்சுக் கரையும், ரெண்டு மூண்டு தரம் செய்யுங்கோ, பிறகு வடிவாக் கழுவுங்கோ. ரொயிலற் கழுவுற அசிட்டை விடச் சொல்லி ஆரும் சொன்னா கேக்காதேங்கோ, அது கல்லோட சேத்து இரும்பையும் தின்னும். ஓட வெளிக்கிட்டாப் பிறகு மழைத்தண்ணி பிடிச்சு வச்சு விடுங்கோ. தொட்டி ஆவி விடுறதைப் பாத்துப் புதுசா ஓட்டுற ஆக்கள் பயப்பிடுறவை, ஆவி வாறது குறையில்லை, மிதவைக் குண்டு கீழ இறங்கித் தண்ணி குறைஞ்சதைக் காட்டியும் ஓட்டுறதுதான் குறை.

அடுத்தது டீசல் பம்ப். அப்பா 90களிலயும் ஓட்டினவர் எண்டு எழுதியிருக்கிறியள். அந்தக் காலத்தில டீசலும் பெற்றோலும் யாழ்ப்பாணத்துக்கு வரத் தடை, கிடைக்கிறது மண்ணெண்ணெய். மொறிஸ் மைனர் காருகள் ஒரு சொட்டுப் பெற்றோலில ஸ்ராற் பண்ணி மண்ணெண்ணெயில ஓடினதை வயசுபோன ஆக்களைக் கேட்டா கதைகதையாச் சொல்லுவினம். டீசல் மிசினுக்கும் அதையேதான் விட்டது, கொஞ்சம் ஒயில் கலந்து விட்டவையும் இருக்கினம், கலக்காம விட்டவையும் இருக்கினம். டீசல் பம்ப்பின்ர பிளஞ்சருக்கு (டீசலைத் தள்ளுற தண்டு) வேற ஒயில் இல்லை, டீசலின்ர வழுவழுப்பிலதான் அது ஓடுறது, மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புக் குறைவு. அதால அந்த வருசங்களை ஓடிக் கழிச்ச மிசின் எண்டா பிளஞ்சர் தேய்ஞ்சிருக்கும் எண்டு நினைச்சுக்கொண்டே வேலையைத் தொடங்குங்கோ. உங்கட பம்ப் தேய்ஞ்சிட்டுதோ இல்லையோ எண்டு நான் இதில இருந்து சொல்லேலாது, வீட்டில வச்சு நீங்களும் சொல்லேலாது, பம்ப்பையும் நொசிலையும் கழட்டிப் பம்ப் றூமில (டீசல் பம்ப் திருத்துற பட்டறை) குடுத்து அழுத்தம் பாக்கவேணும். நொசில் சீறுறதை வீட்டில சோதிக்கிற ஆக்கள் இருக்கினம். கையை மட்டும் முன்னுக்குக் குடுக்காதேங்கோ, அந்த அழுத்தத்தில டீசல் தோலுக்குள்ளால இறங்கும், வெளியில ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ள சதை அழுகும், அப்பிடி நடந்தா ஒரு நிமிசமும் சுணங்காம ஆசுப்பத்திரி.

இனித்தான் நான் முன்னுக்குச் சொன்ன செலவு. கியர் பொக்ஸ். எல்லாரும் இஞ்சினையே பாத்துக்கொண்டு நிப்பினம், ஆனா வயலுக்குள்ள சேத்துத்தண்ணியில இறங்கின மிசினுக்கு அச்சுச் சீலுக்குள்ளால தண்ணி போயிருக்கும், இருபது வருசம் நிக்கிறபோது தண்ணி அடியில, ஒயில் மேல, ஒயிலுக்கும் மேல இருக்கிற பெயரிங்குகள் ஈரக்காத்தில துருப்பிடிச்சுக்கொண்டு. பழைய ரெண்டு சில்லுக் குபோட்டாவுக்கு ரிங்கும் லைனரும் தேடிப்பிடிக்கலாம், கியர்ப்பல்லு உடைஞ்சிருந்தா இன்னொரு பழைய மிசினைத்தான் உடைக்கவேணும். பெயரிங் பயப்பிடத் தேவையில்லை, அதில நம்பர் அடிச்சிருக்கும், நம்பரைச் சொன்னா யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியிலயே எடுக்கலாம். என்னட்டை வாற ஆக்களிட்ட நான் சொல்லுறது, இஞ்சினுக்கு ஒரு சதம் செலவழிக்க முதல் கியர் பொக்ஸைத் திறந்து பாருங்கோ எண்டு. ஒருத்தர் நான் சொன்னதைக் கேக்காம விட்டவர். இஞ்சினை முழுக்கப் புதுசாக்கி, பெயின்ற் அடிச்சு, பூட்டி, முதல் கியரில போட்ட உடன உள்ளுக்குக் கல்லு அரைக்கிறமாதிரிச் சத்தம். அந்த மிசின் இப்பவும் பளபளப்பா அவற்ற வீட்டு முகப்பில நிக்குது.

எல்லாம் சரிவந்து முதல் முதல் ஸ்ராற் பண்ணுற நாளைப்பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும், ஏனெண்டா ஆக்களுக்குக் காயம் வாறது அண்டைக்குத்தான். டீசல் தாங்கிக்குள்ள சின்னச் சல்லிக்கல்லும் கொஞ்ச டீசலும் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்துப்போடுங்கோ, புது டீசல் விட்டு, குழாயில காத்து இல்லாம எடுங்கோ. டீகொம்பிறஷன் நெம்பை (சிலிண்டர் அழுத்தத்தை விடுற நெம்பு) அமத்திப் பிடிச்சுக்கொண்டு ஒரு அம்பது சுத்து சும்மா சுத்துங்கோ, ஒயில் எல்லா இடமும் போகட்டும். இஞ்சினைச் சுத்துற கைபிடியைப் பிடிக்கேக்க பெருவிரலை மற்ற நாலு விரலோட ஒரே பக்கமா வையுங்கோ, வளைச்சுப் பிடிக்காதேங்கோ. எனக்கு இடது பெருவிரல் இண்டைக்கும் முழுக்க மடங்காது, 2001-ல ஒரு தண்ணி மிசின் திருப்பி அடிச்சது, வேகமாச் சுத்தினாத்தான் எடுக்கும் எண்டு வளைச்சுப் பிடிச்சனான். மற்றது, காத்து எடுக்கிற வாய்க்குப் பொருத்தமா ஒரு பலகைத்துண்டை கையோட வச்சுக்கொண்டு நில்லுங்கோ. கவனர் (வேகத்தைக் கட்டுப்படுத்துற பாகம்) இறுகியிருந்தாலோ ஒயில் கூடி மேல ஏறினாலோ டீசல் இஞ்சின் கட்டுக்கடங்காம ஓடத் தொடங்கும், ஒயிலைக் குடிச்சு ஓடுற இஞ்சினுக்கு டீசலை மூடினாலும் நிக்காது, காத்தை அடைச்சாத்தான் நிக்கும். கையால அடைக்காதேங்கோ, பலகை. பலகையை வச்சுக்கொண்டு நிண்ட நாளெல்லாம் எனக்கு ஒண்டும் நடக்கேல்லை, ஆனா இப்பவும் வச்சுக்கொண்டுதான் நிக்கிறன்.

இனி உங்கட மாற்றங்கள். நான் பிடிக்கிற ஒரு பிடி இருக்கு, திரும்பக் கழட்டிப் பழையபடி ஆக்கக்கூடிய மாற்றம் எண்டா செய்யுங்கோ, வார்ப்பிரும்பில வெட்டி, ஓட்டை போட்டு, ஒட்டிச் செய்யிறதெண்டா வேண்டாம். 12 குதிரை சீன இஞ்சின் போடுறது எங்கட பக்கத்தில கனபேர் செய்யிறதுதான். 195 நல்ல இஞ்சின், 95 மி.மீ. சிலிண்டர், 115 மி.மீ. ஓட்டம், 2000 சுத்தில 12 குதிரை, வால்வ் இடைவெளி குளிர்நிலையில உள்ளெடுக்கிறதுக்கு 0.35, வெளிவிடுறதுக்கு 0.45 மி.மீ. எண்டு மனப்பாடமாச் சொல்லுற அளவுக்கு நான் அதோட மாரடிச்சிருக்கிறன். ஆனா 140 கிலோவுக்கு மேல நிறை. உங்கட மிசின்ர சட்டமும் அச்சும் சின்ன இஞ்சினுக்குச் செய்தது, முன்பாரம் கூடி மூக்குக் குத்தும், கைபிடியை அமத்தி அமத்தி உங்கட நாரிதான் முறியும். கியர்ப்பல்லுக்கு எவ்வளவு காலம் தாங்கும் எண்டு ஆரும் சத்தியம் பண்ணேலாது, ரொட்டவேற்றர் போட்டு எங்கட செம்பாட்டு மண்ணைக் காய்ஞ்ச நேரம் கிண்டினா கெதியில போகும், பெட்டி (பின்னால கொழுவுற ட்ரெயிலர்) இழுக்க மட்டும் எண்டா வருசக்கணக்கா ஓடினதையும் கண்டிருக்கிறன். இன்னொண்டு, பதிவுப் புத்தகத்தில இஞ்சின் நம்பர் இருந்தா, மாத்தினதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதிஞ்சு திருத்தவேணும். அப்பாவின்ர பேரில இருக்கிற புத்தகத்தை முதல்ல உங்கட அம்மாவிட்டக் கேட்டு எடுங்கோ, 1995 இடம்பெயர்வோட கனபேற்ற புத்தகம் துலைஞ்சுபோச்சு.

புல்லியை மாத்தி வேகம் கூட்டுறது இன்னும் லேசு, இஞ்சின் பக்கத்தில 4 இஞ்சிக்குப் பதிலா 5 இஞ்சி போட்டா எல்லா கியரிலயும் கால்வாசி வேகம் கூடும். லேசு எண்டபடியாத்தான் பயம். இந்த மிசினுக்குச் சொந்தமாப் பிறேக் எண்டு சொல்ல ஒண்டுமில்லை, பெட்டியில இருக்கிற மிதி பிறேக்தான். யாழ்ப்பாணத்தில மலை இல்லையே எண்டு சொல்லாதேங்கோ, பாலத்து இறக்கம் ஒண்டு காணும். மட்டத்தில இடக்கைக் கிளச்சைப் பிடிச்சா இடப்பக்கம் திரும்பும், இறக்கத்தில பெட்டி பின்னால தள்ளேக்க அதே இடக்கையைப் பிடிச்சா வலப்பக்கம் திரும்பும், ஏனெண்டா இடச்சில்லு கட்டவிழ்ந்து ஓடும், வலச்சில்லை இஞ்சின் பிடிச்சு வச்சிருக்கும். பழகின ஆக்களுக்கே அந்தரத்தில கை மாறும். வெங்காயம் ஏத்தின பெட்டியோட, கூட்டின வேகத்தோட அதைப் படிக்கவேண்டாம்.

செல்ஃப் ஸ்ராற் எண்டா பிளைவீலில பல்லு வளையம் வேணும், உங்கட பழைய பிளைவீலில அது இல்லை. பல்லுப் பிளைவீலோட வாற சீன இஞ்சின் இருக்கு, ஆனா பற்றறி, சார்ஜிங் எல்லாம் சேந்து வரும். அம்மாவோ தங்கச்சியோ ஓட்டப்போறதெண்டா நியாயம், நீங்கள்தான் எண்டா சுத்துற கைபிடியே காணும். அதுக்குப் போடுற காசை லைற்றுக்குப் போடுங்கோ. ஒரு சின்ன டைனமோ, ஒரு எல்ஈடி, பெட்டிக்குப் பின்னால ரெண்டு சிவப்பு றிஃப்ளெக்ரர். பலாலி வீதியில இருட்டுக்குள்ள லைற் இல்லாத பெட்டியில வந்து மோட்டச்சைக்கிள் அடிச்சது எத்தினை எண்டு உங்களுக்கும் தெரியும்.

பெயின்ற் கடைசி வேலை. சின்ன இரும்புச் சாமானுகளைச் சலவைச் சோடா கரைச்ச தண்ணிக்குள்ள வச்சு, பற்றறி சார்ஜரால துருவை எடுக்கலாம், சாமான் கறுப்புக் கம்பியில, பலி குடுக்கிற இரும்புத்துண்டு சிவப்புக் கம்பியில, வெளியில காத்தோட்டமா வச்சுச் செய்யுங்கோ. பலி குடுக்கிறதுக்குச் சில்வர் (ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல்) கரண்டி போடாதேங்கோ, நஞ்சு கக்கும், அலுமினியச் சாமானை அந்தத் தண்ணிக்குள்ள விடவே விடாதேங்கோ, கரைஞ்சுபோம்.

இவ்வளவும் வாசிச்சிட்டு இரும்புக்காரருக்கு ஃபோன் எடுக்காதேங்கோ. இந்தச் சனி வீட்டை போகேக்க ஒரு வேலை மட்டும் செய்யுங்கோ, கியர் பொக்ஸின்ர அடி நட்டை மெதுவாத் தளத்தி, முதல்ல வாறதைச் சிந்தாம ஒரு கண்ணாடிப் போத்தலில பிடிச்சு, ஒரு இரவு அசையாம வையுங்கோ. தண்ணி அடியில பிரிஞ்சு நிண்டா சீல் பழுதாப்போச்சு, பெயரிங் பாக்கவேணும். காந்தத்தைப் போத்தல் அடியில பிடிச்சா மினுங்கல் தூள் வந்தா அது வழக்கமான தேய்மானம். நகத்துணிக்கை அளவுத் துண்டு வந்தா பல்லு. போத்தலைப் படம் எடுத்து இதுக்குக் கீழ போடுங்கோ, மிச்சத்தை அதைப் பாத்துப்போட்டுச் சொல்லுறன்.